மிஸ்டர் ஹாப்லியின் கைகள்

இல்ஃபோர்ட்
20 நவம்பர் 1988

கட்டையா,

நீ போய் இன்றைக்கு முப்பத்திரண்டு நாள். உன் விலாசத்தைப் பங்குச் சுவாமியாரிடம் கெஞ்சித்தான் வாங்கினேன். "குடுக்கவேண்டாமெண்டு சொல்லிப்போட்டுப் போனவர், அம்மா" என்றார். மூன்று ஞாயிறு பூசை முடிந்தும் அவருடைய அறை வாசலை விட்டு நான் அசையவில்லை. மூன்றாவது ஞாயிறு ஒரு துண்டில் எழுதித் தந்தார். ஹல் என்று ஒரு ஊராம். மீன் பெட்டி அடைக்கிற வேலையாம். மன்னார்த் தபால் கந்தோரில் வெள்ளைச் சட்டையோடு இருந்தவனுக்கு மீன் பெட்டி.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று யோசித்து யோசித்து என் தலை வெடிக்கிறது. நீ சோற்றுக் கோப்பையோடு நின்றபடி டிவியில் ஒரு பகிடி நாடகம் பார்த்தாய். றெயில் ஸ்டேசனில் தொலைந்த சாமான்களை வைத்திருக்கிற கந்தோர், அதில் மிஸ்டர் ஹாப்லி என்று ஒரு கிழவர். மணி அடித்து ஆள் வந்தால் கதிரையை விட்டு எழும்புவார், இரண்டு உள்ளங்கையையும் முன்னால் நீட்டிக் காட்டுவார், கண்ணை நிலத்தில் வைப்பார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நீ டிவியைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாய். கோப்பையைக் கழுவி வைத்தாய். விடிய எழும்பினால் நீ இல்லை.

அந்த ஹாப்லியாக நடிக்கிறவர்தான் டில்லிங் துரை. திங்களும் வியாழனும் நான் துப்புரவு செய்யப் போகிற வீட்டுக்காரர். உன் அத்தான் மோசம்போய் நான் தனித்த வருஷத்திலிருந்து அங்கே போகிறேன். அவர் கெட்ட மனுசன் இல்லை, கட்டையா. பதினாறு வயதில் மேடையில் ஏறினவர். முதல் நாடகத்தில் ஒரு தட்டில் கடிதம் கொண்டுவந்து, "கடிதம் வந்திருக்கிறது, ஐயா" என்பது மட்டும்தான் அவருடைய பங்கு. "ஐம்பது வருஷமாக அதைத்தான் செய்கிறேன், மிசஸ் செபஸ். கடிதம் கொண்டு வருவேன், கதவு திறப்பேன், பிணத்தை முதலில் காண்பேன்" என்று சொல்லிச் சிரிப்பார். ஐம்பத்து மூன்று படமாம். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் ஒரு முட்டை அவிகிற நேரம்தான் அவர் முகம் தெரியுமாம். தெருவில் சனம் அவரை நிற்பாட்டி, "உங்களை எங்கேயோ கண்டிருக்கிறேன், நீங்கள் மீன்கடையா?" என்று கேட்குமாம். ஓம் என்று சொல்லிவிடுவாராம். இந்த ஹாப்லி வந்த பிறகுதான் அவருடைய பெயர் நாலு பேருக்குத் தெரிந்தது.

அவர் அந்தக் கையை எங்கே கண்டாரோ எனக்குத் தெரியாது. கோபத்தை விட்டுவிட்டு வா. உன் கட்டில் விரித்தபடி இருக்கிறது.

அக்கா


ஹல்
4 டிசம்பர் 1988

திருமதி செபஸ்தியாம்பிள்ளை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். இங்கே குளிர் அதிகம், சனம் குறைவு. இரண்டும் எனக்கு வசதி.

உங்கள் துரையின் வாழ்க்கை வரலாற்றை எழுதியிருந்தீர்கள். நன்றி. நான் கேட்கவில்லை.

நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். அந்த மனிதரை நான் என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, அரை நிமிடம், அவருடைய வீட்டு வாசலில் பார்த்தேன். உங்களிடம் சாவி வாங்க வந்த நாள். டிவியில் அவர் செய்தது அரை நிமிடம் பார்த்து வருவதல்ல. இடது கை ஒரு நொடி பிந்தித்தான் வரும். கண் நிலத்துக்குப் போவதற்கு முன் ஒரு தடவை பக்கவாட்டில் போகும். நான் அப்படிச் செய்வது எனக்கே தெரியாது. டிவியில் பார்த்துத்தான் அறிந்தேன்.

அதை யார் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது?

அ. அருட்பிரகாசம்


இல்ஃபோர்ட்
13 டிசம்பர் 1988

கட்டையா,

என்னை நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். திருமதி என்று எழுதியிருக்கிறாய். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனவள் நான். பரவாயில்லை.

ஓம், அவர் உன்னை வாசலில் கண்டது சரி. அதை முதலே எழுதியிருக்க வேண்டும். அன்றைக்கு நான் குளியலறை கழுவிக்கொண்டு நின்றேன். மணிச் சத்தம் கேட்டது. அவரே போய்த் திறந்தார். நான் வரமுதல் நீ கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாய்.

நீ அவருடைய தொழிலை விளங்கிக்கொள்ள வேண்டும். அவர் எந்த ஆளையும் சும்மா மனதால் உண்டாக்க மாட்டார். உயிரோடு இருக்கிற ஒருவரிடமிருந்து ஒன்றை எடுப்பார். ஒன்றே ஒன்று. பஸ் கொண்டக்டரின் இருமல், வங்கியில் இருக்கிற பெண்பிள்ளை பேனையை மூடுகிற விதம். அது கையில் பட்டால் மற்றதெல்லாம் தானாக வருமாம். வீட்டில் ஒரு மேசை லாச்சி நிறையப் பொய்ப் பல்லு. இன்னொன்றில் மீசை. முதல் நாள் அதைத் திறந்து செத்த எலி என்று கத்திப்போட்டேன். "அது எலியில்லை, மிசஸ் செபஸ். அது ஒரு நீதிபதி" என்றார்.

அவருடைய தகப்பன் றெயில்வேயில் சிக்னல் வேலை செய்தவர். ஒரு கால் இழுத்து நடப்பாராம். தகப்பன் செத்து இரண்டு வருஷத்தில் ஒரு படத்தில் குடிகாரனாக நடிக்க வந்தது. அந்தக் காலை எடுத்துப் போட்டார். தாய் தியேட்டரில் அதைக் கண்டு பாதியில் எழும்பிப் போனாவாம். பிறகு சாகும்வரை அந்தப் படத்தைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லையாம். இதை எனக்குச் சொல்லும்போது சிரித்தார். ஆனால் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைக்க மறந்துபோனார்.

அப்படித்தான் உன்னுடையதையும் எடுத்திருக்கிறார். உனக்கு நோகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நத்தாருக்கு வருவாயா? பக்கத்து வீட்டு றோஸ்மலர் கேக் அடித்துத் தருகிறேன் என்றிருக்கிறாள்.

அக்கா


ஹல்
6 ஜனவரி 1989

திருமதி செபஸ்தியாம்பிள்ளை அவர்களுக்கு,

நத்தார் அன்று வேலை செய்தேன். இரட்டைச் சம்பளம்.

நான் ஏன் போனேன் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன். அப்டன் பார்க்கில் நான் நின்ற கடை உங்களுக்குத் தெரியும். முதலாளி நரசிம்மன், நல்ல மனிதர், மெட்ராஸ்காரர். கடைக் கதவில் மணி கட்டியிருக்கிறார். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் யாராவது தள்ளிக்கொண்டு வந்தால் சில வேளை என் கை எழும்பிவிடும். எனக்கு அதன் மேல் அதிகாரம் இல்லை. இரண்டரை வருஷம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கடந்த செப்டெம்பரில் திடீரென்று எல்லாரும் சிரிக்கத் தொடங்கினார்கள். வாசலில் கூட்டமாக வந்து மணியை அடித்துவிட்டு நிற்பார்கள். நான் கை தூக்கினால் கை தட்டுவார்கள். "டூ ஹாப்லி! டூ ஹாப்லி!" செய்துகாட்டு என்கிறார்கள் என்று விளங்கியது. ஹாப்லி என்றால் ஏதோ கெட்ட வார்த்தை என்று நினைத்தேன்.

ஒரு நாள் நரசிம்மன் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஏம்பா, நீ அந்த டிவி ஆளை அச்சு அசலா பண்றியே! எங்கே கத்துக்கிட்டே? தினம் சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் கல்லாப் பக்கத்துல நின்னு பண்ணு. வியாபாரத்துக்கு நல்லது" என்றார். தோளில் தட்டினார். அன்பாகத்தான் சொன்னார்.

எந்த டிவி ஆள் என்று எனக்குத் தெரியாது. அந்தச் செவ்வாய்க்கிழமை உங்கள் வீட்டில்தான் தெரிந்தது. அந்தக் கை, இராணுவ முகாமில் பதினொரு நாள் எனக்கு அடித்துப் பழக்கியது. இப்போது நான்தான் ஒரு வெள்ளைக்காரக் கிழவரைப் பார்த்துப் பகிடி பண்ணுகிறேன் என்று ஊர் நினைக்கிறது. சொந்தக்காரன் களவெடுத்தவனாகிவிட்டான்.

பொய்யை உங்களுக்கு எழுதத் தெரியாது. உங்கள் கடிதத்தில் "அப்படித்தான் எடுத்திருக்கிறார்" என்ற இடத்தில் பேனை அழுத்தியிருக்கிறது. தபால் கந்தோரில் ஒன்பது வருஷம் இருந்தவன் நான்.

பெப்ரவரியில் எனக்கு இரண்டு நாள் லீவு. லண்டன் வந்து அவரையே கேட்கப்போகிறேன்.

அ. அருட்பிரகாசம்


இல்ஃபோர்ட்
15 ஜனவரி 1989

கட்டையா,

அவரிடம் போகாதே. அவரிடம் கேட்க ஒன்றுமில்லை. நான் சொல்கிறேன்.

இதை நாலு தரம் எழுதிக் கிழித்தேன். இப்போது சமையலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்து எழுதுகிறேன். வீட்டில் வேறு ஆள் இல்லை. பிறகு ஏன் பூட்டினேன் என்று தெரியவில்லை.

அன்று நீ சாவியை வாங்கிக்கொண்டு போன பிறகு துரை என்னிடம் வந்தார். "மிசஸ் செபஸ், உங்கள் தம்பி வாசலில் ஒன்று செய்தாரே, அது என்ன?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. என் வாயில் வந்தது, "அது எங்கட ஊர் மரியாதை. பெரியாக்களைக் கண்டால் அப்பிடித்தான் செய்வினம்" என்றேன்.

அவர் அப்படியே நம்பினார். கண் கலங்கின மாதிரி இருந்தது. "எவ்வளவு அழகான மரியாதை. என்னிடம் ஆயுதம் இல்லை, உங்களுக்குத் தர என்னிடம் இருப்பதெல்லாம் இந்தக் கைதான் என்பது போல" என்றார். பிறகு செய்து காட்டச் சொன்னார்.

நான் செய்து காட்டினேன்.

கையுறையைக் கழற்றி வாளி விளிம்பில் போட்டுவிட்டு, கதிரையில் இருந்து, உன்னைப் போல எழும்பினேன். கையை நீட்டினேன். அவர் திருப்பிச் செய்தார். "இல்லை சேர், அவ்வளவு கெதியாய் இல்லை. இந்தக் கை கொஞ்சம் பிந்தி" என்று அவருடைய மணிக்கட்டைப் பிடித்துத் திருத்தினேன். "கண் முதலில் இஞ்சால, பிறகு கீழ" என்றேன். இத்தனையும் நான் எப்போது உன்னிடம் பார்த்து வைத்தேனோ தெரியாது. ஒரு கால் மணித்தியாலம் செய்தோம். அவர் பெரிய உடம்பு. அந்த உடம்பில் அது வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம், கட்டையா.

இந்த நாட்டுக்கு வந்து பத்து வருஷத்தில் ஒருவர் என்னிடம், எனக்கு இதைச் சொல்லித்தா என்று கேட்டது அன்றைக்குத்தான். அந்தச் சந்தோஷப் புளுகத்தில் நான் எதைச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று மறந்துபோனேன். மறந்துபோனேன் என்பதும் சரியில்லை. மறக்க விரும்பினேன்.

நீ வந்த முதல் மாதம் கோயிலில் அருள்நாயகி அக்கா கேட்டா, "உங்கட தம்பி ஏன் பூசையில சமாதானம் சொல்லேக்க கையை அப்பிடி நீட்டுறார்?" என்று. கூச்ச சுபாவம் என்றேன். கொழும்பில் வேலை செய்துவிட்டு வந்தவர் என்றேன். முகாமில் இருந்தது ஒருவருக்கும் தெரியாது. உனக்கு வெட்கமாக இருக்கும் என்றுதான் மறைத்தேன் என்று எழுதப் பார்த்தேன். அதற்காகத்தான் நாலு தரம் கிழித்தது. வெட்கம் உனக்கில்லை. எனக்கு. என் தம்பியை நாய்க்கு அடித்தது போல அடித்திருக்கிறார்கள் என்று நாலு பேர் அறிந்தால் என் முகத்தை எங்கே வைப்பது என்று இருந்தது. அடித்தவர்களுக்கு வராத வெட்கம் எனக்கு வந்தது.

துரைக்கு இன்னும் உண்மை தெரியாது. மரியாதை என்றே நினைத்துச் செய்கிறார்.

அக்கா


ஹல்
11 மார்ச் 1989

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுதாமல் வைத்திருந்தேன்.

பெப்ரவரி 24ஆம் திகதி லண்டன் வந்தேன். உன்னிடம் வரவில்லை. அவருடைய வீட்டுக்குப் போனேன். மணியை அடித்துவிட்டு இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். அவர் திறந்தார். டிவியில் தெரிவதைவிடக் கிழவர். சப்பாத்தில் ஒரு நாடா அவிழ்ந்திருந்தது.

நான் யார் என்றதும் உள்ளே கூப்பிட்டார். தேநீர் போட்டார், வாயில் வைக்க முடியவில்லை. நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே, "உங்கள் அக்காவுக்கு இதில் சம்பந்தமில்லை. நான் வாசலில் பார்த்தேன், அனுமதி கேட்காமல் எடுத்தேன், அவ்வளவுதான்" என்றார். ஐம்பது வருஷம் நடித்தவர், இதைச் சொல்லும்போது சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இவ்வளவு மோசமான நடிப்பை நான் எங்கேயும் கண்டதில்லை. உன்னை நான் ஏசுவேன் என்று பயந்திருக்கிறார். அவருக்கு நீ ஒன்றும் சொல்லவில்லை என்கிறாய். ஆனால் நீ இரண்டு மாதமாக அவர் முகத்தைப் பார்க்காமல் வீடு துடைத்தால், அவருக்குத் தெரியாமல் போகுமா? பார்ப்பதுதானே அவருடைய தொழில்.

அது மரியாதை இல்லை என்றேன். "அப்படியானால் என்ன நடந்தது?" என்று கேட்டார்.

சொன்னேன். பதினொரு நாளையும் சொன்னேன். என்னுடைய இங்கிலீஷில், பாதி கையால். விளக்குப் போடாமல் இருந்தோம். அவர் ஒரு தடவைகூட ஐயோ பாவம் என்று சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும், "ஒரு நாளை விட்டுவிட்டுச் சொல்கிறீர்கள்" என்றார். உண்மை. ஏழாம் நாளை விட்டிருந்தேன். திரும்பிப் போய் அதையும் சொன்னேன்.

முடிவில், "அடுத்த மாதம் புதிய தொடர் எடுக்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?" என்றார். அது உங்கள் தொழில், எனக்கு மீன் அடைக்கத்தான் தெரியும் என்றேன்.

ஏசவில்லை. கை கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்று உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதினால் அது அவர் சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னது போல இருக்கும். நீ கெட்டவள் இல்லை என்று தெரியும். ஆனால் அவருடைய வீட்டில் நீங்கள் இருவரும் சிரித்தது என் காதில் கேட்டபடியே இருக்கிறது.

இப்போதைக்கு எழுதாதே. முடிந்தால் நானே எழுதுவேன்.

பிரகாசம்


[நத்தார் அட்டை]
ஹல்
17 டிசம்பர் 1989

அக்கா, நத்தார் வாழ்த்துகள். சுகம். மேற்பார்வையாளர் ஆக்கியிருக்கிறார்கள். இப்போது பெட்டி அடைப்பவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை. பிரகாசம்.


இல்ஃபோர்ட்
2 ஜனவரி 1990

கட்டையா,

அட்டை வந்தது. நீ எழுதினாய், ஆனபடியால் நானும் எழுதலாம் என்று எடுத்துக்கொள்கிறேன். பிழை என்றால் பதில் போடாதே.

டில்லிங் துரையின் கதையை நீ அறிய வேண்டும். நீ வந்துபோன அடுத்த திங்கள் என்னைக் கதிரையில் இருத்தினார். "உங்கள் தம்பி வந்தார்" என்றார். எனக்கு உயிர் போய் வந்தது. ஏசுவார், இனி வரவேண்டாம் என்பார் என்று நினைத்தேன். "அன்றைக்கு என்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வீடு துடைக்கிற தண்ணீரில் என் கண்ணீரும் சேர்ந்தது.

புதிய தொடரில் கையை நீட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மணி அடித்ததும் எழும்பி, "என்ன தொலைந்தது?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். ஒருவரும் சிரிக்கவில்லையாம். டிரெக்டர் கத்தினாராம், சனம் அதற்காகத்தானே பார்க்கிறது என்று. காரணம் கேட்டதற்கு, அது என்னுடையது இல்லை என்று மட்டும் சொன்னாராம். உன் பெயரைச் சொல்லவில்லை. இரண்டாம் கிழமையோடு ஹாப்லிக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது வேறு ஒரு கிழவர் அந்தக் கந்தோரில் இருக்கிறார். அவர் தும்முகிறவர்.

"ஒன்பது மாதம் எனக்குப் பெயர் இருந்தது, மிசஸ் செபஸ். மீன்கடைக்காரர்கூடக் கையெழுத்துக் கேட்டார்" என்று சிரித்தார். அதன் பிறகு நாலு மாதம் போன் அடிக்கவில்லை. கார்த்திகையில் ஒரு நாடகத்தில் சின்னப் பங்கு கிடைத்தது. எனக்கு ஒரு டிக்கெட் தந்தார். வாழ்க்கையில் முதல் தரம் தியேட்டருக்குப் போனேன். எல்லாருக்கும் மேலே, தலை சுற்றுகிற உயரத்தில் இருந்தேன். இரண்டாம் பாதியில் கதவைத் திறந்துகொண்டு வந்தார், ஒரு பெரிய மனிதருக்கு மேல்கோட்டைப் போட்டுவிட்டார், போனார். பேச்சே இல்லை. கோட்டின் தோளில் ஒரு தூசியைத் தட்டினார். அதில் ஒருவரையும் நான் காணவில்லை, தகப்பனையும் இல்லை, கொண்டக்டரையும் இல்லை. அவர்தான் நின்றார்.

உயிர்த்த ஞாயிறுக்கு வா. வந்து என்னோடு கதைக்காமல் இருந்தாலும் சரி.

அக்கா


இல்ஃபோர்ட்
10 மார்ச் 1991

கட்டையா,

இதை எங்கே போடுவது என்று தெரியாமல் எழுதுகிறேன். தபால் பெட்டியில் போட்டால் திரும்பி வரும்.

சளி நெஞ்சில் இறங்கினது என்று நீ வாடகைக்கு இருந்த வீட்டுக்காரப் பெண்பிள்ளை போன் எடுத்தா. பனி கொட்டின கிழமை. றெயில் எல்லாம் நின்றுபோனது. நான் ஹல்லுக்கு வந்து சேர நீ ஒரு நாள் முந்திப்போனாய். ஆஸ்பத்திரியில் உன்னைக் காட்டினார்கள். உன் தலைமயிர் நரைத்திருந்தது. முப்பத்தெட்டு வயதில். ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. யார் சொல்வது?

உன் அறையை ஒதுக்கினேன். ஒதுக்க ஒன்றும் இல்லை. அந்தப் பெண்பிள்ளை தேநீர் தந்தா. "நல்ல அமைதியான மனிதர். நான் கதவைத் தட்டினால், வாருங்கள் என்று உள்ளேயிருந்து சத்தம் கொடுப்பார்" என்றா. நான் மறுபடி கேட்டேன். கதவு தட்டினால் எழும்பிக் கையை ஏதாவது செய்வாரா என்று கேட்டேன். அவ என்னை விசித்திரமாகப் பார்த்தா. "வந்த புதிதில் ஏதோ செய்தவர். இரண்டு வருஷமாக இல்லை" என்றா. இரண்டு வருஷத்தைப் பின்னால் எண்ணிப் பார்த்தேன். நீ லண்டன் வந்து போன மாசி மாதத்தில் வந்து நிற்கிறது.

உன்னை இல்ஃபோர்டுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தேன். கோவிக்காதே. பக்கத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பூசைக்கு டில்லிங் துரையும் வந்தார். கறுப்புக் கோட்டோடு கோயிலின் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார். பிறகு மண்டபத்தில் எல்லாருக்கும் தேநீரும் வடையும். அவரும் ஒரு மூலையில் கோப்பையோடு நின்றார். அருள்நாயகி அக்கா என் காதுக்குள் வந்தா.

"பிள்ளை, இது டிவியில வந்த ஆளெல்லே? அந்தக் கை நீட்டுற மனுசன்?"

"ஓம், அக்கா."

"பிள்ளையள் கேக்குதுகள். ஒருக்கா செய்து காட்டச் சொல்லுமன். செத்தவீடு எண்டாலும் நாலு பேர் ஆறுதலாய்ச் சிரிச்சால் என்ன?"

அவ கெட்ட மனம் வைத்துக் கேட்கவில்லை. துரைக்குத் தமிழ் விளங்காது, ஆனால் விளங்கிவிட்டது. கோப்பையை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இல்லை என்று தலையசைத்தார். அவர் ஏதாவது ஒரு சாட்டுச் சொல்லி என்னைத் திரும்பவும் காப்பாற்றப் போகிறார் என்று கண்டேன்.

நான் சொன்னேன். "அது அவரின்ர இல்லை, அக்கா. அது என்ர தம்பியின்ர" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "என்ர தம்பியைப் பதினொரு நாள் முகாமில வைச்சு அடிச்சவங்கள். கையைக் காட்டு, கையைக் காட்டு எண்டு அடிச்சவங்கள். அவன் கூச்சத்தில செய்யேல்லை. கொழும்பில வேலையும் செய்யேல்லை. நான்தான் பொய் சொன்னனான். எனக்கு வெக்கமாய் இருந்தது" என்றேன்.

சுவாமியார் கோப்பையை வைத்தார். பிறகு கதவடியில் நின்ற கலாவதி, நாங்கள் பெருமைக்காரி என்று சொல்வோமே அவள், "என்ர மூத்தவனையும் ஒன்பது நாள் வைச்சிருந்தவங்கள், அக்கா" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்தினாள். அவளும் ஒருவருக்கும் சொல்லவில்லை. நான் வெட்கம் என்று பூட்டி வைத்தது அந்த மண்டபத்தில் எத்தனை வீட்டில் இருந்ததோ.

எனக்கு ஆறுதல் வரவில்லை, கட்டையா. நீ இருக்கும்போது சொல்லவேண்டியதை நீ போனபிறகு சொன்னேன். அதிலும் எனக்கு வெட்கம்தான்.

வாசல்வரை துரையோடு நடந்தேன். "அவர் அன்று சொன்னதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. ஒவ்வொரு நாளும். நீங்கள் விரும்பினால் சொல்கிறேன்" என்றார். ஐம்பது வருஷம் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து மனதில் வைத்தவர். உன் குரலிலேயே சொல்லக்கூடச் செய்வார்.

வேண்டாம் என்றேன். அதை அவரிடமிருந்து வாங்க எனக்கு உரிமை இல்லை.

இரண்டரை வருஷம் ஒரே சமையலறையில் இருந்தோம். உனக்கு நான் சோறு போட்டேன், சட்டை மினுக்கினேன், காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தேன். என்ன நடந்தது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அவர் ஒரு பின்னேரம் கேட்டார், நீ எல்லாம் சொன்னாய், விட்ட நாளையும் திரும்பிப் போய்ச் சொன்னாய். உன் கை அடங்கினது.

கட்டையா, நான் ஒரு நாள் கேட்டிருந்தால், எனக்கும் சொல்லியிருப்பாயா?